பத்தாயிரம் எள்ளுக்குக் கீழே

அக்டோபர் 17, வெள்ளி

எரிவாயு உருளை வந்தது. எடை பார்த்து வாங்கினேன். கண் சொட்டு மருந்து காலையில் விட்டாயிற்று, மாலையில் மறந்துவிட்டது.

மாடி அறையிலுள்ள பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. பெட்டி என்று நான்தான் சொல்கிறேன். செருப்பு டப்பா அளவுள்ள கம்ப்யூட்டர் அது. ‘குன்றி’ என்று ஒரு கிரிப்டோ நாணயம் இருக்கிறது. அதை யார் யாருக்கு அனுப்பினாலும், இப்படிப்பட்ட முந்நூறு பெட்டிகள் அங்கங்கே இருந்துகொண்டு அதைச் சரிபார்த்துப் பதிந்து வைக்கின்றன. நடுவில் வங்கி என்று ஒன்று கிடையாது. முந்நூறில் ஒன்று பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் வாங்கியதல்ல, மகன் வைத்தது. அவன் வெளியூரில் வேலையாக இருக்கிறான். போகும்போது அணைக்கச் சொல்லவில்லை, அதனால் அணைக்கவில்லை.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் பேசினேன். தூத்துக்குடியிலிருந்து ஜெபக்கனி என்ற பெண் எடுத்தாள். பெட்டிக்காரர்களை ஒருங்கிணைப்பது அவள்தானாம். ஒரு குன்றியைக் கோடியாகப் பிரித்தால் ஒரு எள். யாரோ ஒரு எள், இரண்டு எள் என்று லட்சக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எல்லாப் பெட்டியும் பதிய வேண்டியிருப்பதால் இடம் நிரம்பிவிடுகிறது. அவர்கள் மொழியில் இதற்குத் தூசி என்று பெயர்.

“சார், ஒரு பஸ்ல லட்சம் பேரு ஏறி ஆளுக்கு ஒரு பைசா டிக்கெட் கேட்டா கண்டக்டர் என்ன செய்வாரு? அதான் நடக்குது” என்றாள்.

பத்தாயிரம் எள்ளுக்குக் குறைவான எதையும் ஏற்பதில்லை என்று விதி கொண்டுவரப் போகிறார்களாம். நவம்பர் 22 அன்று வாக்கெடுப்பு. பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு வாக்கு, எனக்கும் உண்டு. பத்தாயிரம் எள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அஞ்சு பைசா வராது என்றாள்.

எனக்கு இதில் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை என்றேன். அவள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

ஜெபக்கனி சொன்னபடி பழைய கோப்புகளை அழித்தேன். ஒவ்வொன்றையும் அழிக்குமுன் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். விளக்கு பச்சையாயிற்று.

அப்போது ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பெட்டிக்கென்று ஒரு முகவரி இருக்கிறது. நாணயம் அங்கே வந்து சேரும். இந்தப் பட்டியலை நான் திறந்ததே இல்லை. சென்ற வருடம் ஜூலை முதல் ஒரே முகவரியிலிருந்து சிறு சிறு தொகைகள் வந்திருக்கின்றன. 41 எள், 126 எள், 8, 312. ஒழுங்கே இல்லை. மொத்தம் 163 தடவை. அதாவது தூசி நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது.

மறுபடி பேசினேன். அதைத் தொடாதீர்கள், பதிலுக்கு எதையும் அனுப்பாதீர்கள் என்றாள். எந்த முகவரியில் ஆள் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகச் சிலர் அப்படி வீசிப் பார்ப்பார்களாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இரண்டு பேருக்கு வேண்டியதற்கு மேலாகவே என் மனைவி ஆவுடை முறுக்கு சுட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் இட்லி வைத்துவிட்டு ஆவுடை, “மழ உண்டா?” என்று கேட்டாள். சன்னல் வழியாக வெயில் அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. இல்லையே என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாள். இந்த மாதத்தில் இது நான்காவது தடவை. மறதி தொடங்குகிறதோ என்று பயமாயிருக்கிறது. அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது டாக்டரிடம் மெல்லச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

அந்த 163 வரவுகளையும் கோடு போட்ட தாளில் எடுத்து எழுதினேன். வேலையற்றவன் வேலை என்று சொல்லலாம். தேதி, நேரம், அளவு.

நேரம் எல்லாம் காலை எட்டு முப்பதிலிருந்து எட்டு முப்பத்தைந்துக்குள்.

முப்பத்தோரு வருடம் வானிலை நிலையத்தில் இருந்தவனுக்கு எட்டரை மணி என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் மழைமானியிலிருந்து தண்ணீரை ஊற்றி அளக்கிற நேரம் அது. நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு.

ஆனால் எட்டரைக்கு அலுவலகம் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளி மணி அடிக்கிறது. எட்டரை எனக்கு மட்டும் சொந்தமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

தாளை மறுபடி எடுத்தேன்.

மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து ஓர் எள்ளுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 41 எள் என்பது 4.1 மில்லிமீட்டர். 312 என்பது 31.2. மழையாக இருக்கக்கூடிய எண்கள்தான். இடையிடையே நாட்கணக்கில் ஒன்றும் வராமல் இருப்பதும் மழையாக இருந்தால் பொருந்தும். சுழியத்தை அனுப்ப முடியாது அல்லவா?

தமிழ்நாட்டின் அன்றாட மழையளவுப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஊர் ஊராக ஒப்பிட்டேன். நான்கு நாள் ஆயிற்று. ஆவுடை இரண்டு தடவை மாடிக்கு வந்து காப்பியை வைத்துவிட்டுப் போனாள், ஒன்றும் கேட்கவில்லை. கடற்கரை ஊர்கள் பொருந்தவில்லை. வால்பாறை பொருந்தவில்லை. கோத்தகிரி நெருங்கி வருகிறது. இந்த மாதத்தில் கோத்தகிரியில் மழை பெய்த பதினான்கு நாளில் பதின்மூன்று நாள் இங்கே வரவு இருக்கிறது. அளவுகள் ஒன்றல்ல. அங்கே 22.0 என்றால் இங்கே 197, அங்கே 6.5 என்றால் இங்கே 71. ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு மழைமானியை யாரோ அளந்தால் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது தடவையாகக் கணக்கிட்டும் அதே விடைதான். எங்கோ தப்புச் செய்கிறேன். வேண்டியதைத் தேடுகிறவனுக்கு வேண்டியது அகப்படும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி இதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவார்.

நவம்பர் 3, திங்கள்

தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். மோட்டாருக்குப் புது வாஷர்.

அவன் வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று முன்பு எழுதியிருக்கிறேன். அது எனக்குத் தெரியாது. சுயம்பு எங்கே இருக்கிறான் என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.

குன்றி ஏறிக்கொண்டிருந்த சமயம். தன் அம்மாவின் வளையல் எட்டையும் வாங்கிக்கொண்டு போய் விற்று அதில் போட்டான். இரண்டு மடங்காக்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஆறு வாரத்தில் எல்லாம் போயிற்று. நான் யாரையும் சத்தம் போட்டவனில்லை, அன்றும் சத்தம் போடவில்லை. “இனி உன்கிட்டேருந்து ஒரு சொல்லு எனக்கு வரக் கூடாது” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் போய்விட்டான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான்.

சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு நிலையத்துக்கு வருவான். அளவுக் குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசிக்க அவனுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

ஒரு சொல்லும் வரக் கூடாது என்றேன். சொல் எதுவும் வரவில்லை. எண்கள் வருகின்றன. இதை எழுதும்போதே இது ஒரு கிழவனின் கற்பனை என்று தோன்றுகிறது.

நவம்பர் 8, சனி

பெட்டிக்காரர்களின் இணையப் பலகையில் சண்டை நடக்கிறது. ஒரு பக்கத்தார், அஞ்சு பைசாவுக்குக் கீழே அனுப்புகிறவனுக்கு இங்கே என்ன வேலை, தூசியைக் கூட்டித் தள்ளாவிட்டால் வீடே போகும் என்கிறார்கள். இன்னொரு பக்கத்தார், சிறியது எது என்று தீர்மானிக்க நாம் யார், அதற்கு வங்கியே போதாதா என்கிறார்கள். மூன்றாவது ஒரு கட்சியும் இருக்கிறது. சிறியதை மறுக்க வேண்டாம், சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே கூலி வைத்தால் லட்சம் தடவை அனுப்புகிறவனுக்குக் கட்டுப்படியாகாமல் போகும் என்பது அவர்கள் வாதம். மூன்றையும் படித்தேன். மூன்றும் சரியாகப் பட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

மூன்று வரைவு எழுதிக் கிழித்து, நான்காவதைப் பலகையில் போட்டேன். “வானிலைப் பதிவேட்டில், அளக்க முடியாத அளவு சிறிய மழைக்கும் ஓர் அடையாளம் உண்டு. நாலு துளி விழுந்து குடுவையில் எதுவும் தேறாவிட்டாலும் அன்றைக்குச் சுழியம் என்று எழுத மாட்டோம். மழை பெய்யாத நாளும் அளவில் அடங்காத மழை பெய்த நாளும் ஒன்றல்ல. எனினும் பதிவேட்டுக்கும் பக்கங்கள் ஒரு எண்ணிக்கைக்கு மேல் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.”

“ஐயா எந்தப் பக்கம்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பதினொரு பேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள்.

நவம்பர் 12, புதன்

நான்கு நாளாக வரவு இல்லை. கோத்தகிரிப் பட்டியலிலும் சுழியம்தான்.

நவம்பர் 15, சனி

ஏழு நாள். கோத்தகிரியில் சுழியம். மழை இல்லாததால் ஒன்றும் வரவில்லையா, அனுப்புகிறவர் இல்லாததால் வரவில்லையா? இரண்டும் என் தாளில் ஒரே வெற்றுக் கட்டம். முப்பத்தோரு வருடத்தில் மழை இல்லாத நாளைப் பார்த்து நான் பயந்ததில்லை.

ஆவுடை இன்று மழை உண்டா என்று கேட்கவில்லை. மூன்று நாளாகவே கேட்கவில்லை. சாப்பாடும் குறைவு.

நவம்பர் 18, செவ்வாய்

54 எள். எட்டு முப்பத்தொன்று.

நவம்பர் 20, வியாழன்

ஜெபக்கனியே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. முந்நூறில் எழுபது பெட்டிகள் இடம் நிரம்பி நின்றுவிட்டன. பெரும்பாலும் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் வைத்தவை. புது டிஸ்க் வாங்க அவர்களிடம் வழியில்லை. இருநூறுக்குக் கீழே போனால் மிச்சத்தை யாராவது கைப்பற்றிப் பொய்க் கணக்கு எழுதிவிட முடியும், அதற்குமுன் மொத்தத்தையும் மூடிவிடுவார்களாம். கூலி முறைக்கு மென்பொருள் எழுதவே ஆறு மாதம் ஆகும். வரம்பு வைப்பதென்றால் ஒரே நாளில் முடியும்.

“சார், சின்னதா அனுப்புறவங்கள்ல நிஜமான ஆளும் உண்டு, எனக்குத் தெரியும். ஆனா கடையே போனா அவங்க எங்க சார் போவாங்க?”

கொய்யா மரத்தில் எறும்பு. மஞ்சள் தூள் போட்டேன்.

நவம்பர் 22, சனி

காலை பத்து மணிக்கு வாக்களித்தேன். எப்படி என்று எழுத விரும்பவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

எழுதாமல் இருந்தது பயன்படவில்லை. முடிவைப் பெயர்ப் பட்டியலோடு பலகையில் போட்டுவிட்டார்கள். வரம்புக்கு ஆதரவு 118, எதிர்ப்பு 109. டிசம்பர் ஒன்று முதல் நடைமுறை. ஆதரவுப் பட்டியலில் நாற்பதாவது பெயர் தாணுமாலயன், பாளையங்கோட்டை.

நான் கடைக்குப் போயிருந்தபோது ஆவுடை அதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் திரையைத் திறக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பையை வாங்காமல் நடையிலேயே நின்றாள்.

“அவன் வாயையும் அடைச்சிட்டியளா?”

யார் வாயை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எட்டரைக்கு நீங்க குளிக்கப் போவிய. நான் மாடி பெருக்கப் போவேன். போன வருசத்துலேருந்து பாக்கேன். எட்டரைக்கு வந்தா அது மழதான, வேற என்ன? நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப குவார்ட்டர்ஸ்ல பத்து நாளு நான்தான அளந்து எழுதுனேன்?”

பதினாறு மாதமாகத் தெரியுமா என்றேன். ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீங்களா சொல்லணும்னு இருந்தேன். எத்தன தடவ கேட்டேன், மழ உண்டா மழ உண்டான்னு. ஒரு தடவ மாடியேறிப் போயிப் பாத்தியளா? இட்லியத் தின்னுக்கிட்டு வெளிய வெயில்லா அடிக்கின்னிய.”

வளையல் போன அன்று கூட அவள் இப்படிப் பேசியதில்லை. அழவில்லை. பையிலிருந்து வெங்காயத்தை எடுத்துத் தரையில் பரப்பினாள்.

காரணங்களைச் சொன்னேன். எழுபது பெட்டிகள் நின்றதையும், வலையமைப்பே போனால் எதுவும் வராது என்பதையும், ஒரு வீட்டுக்காக இருநூறு பேரின் பொதுக் காரியத்தில் வாக்கை மாற்றுவது முறையல்ல என்பதையும். எல்லாம் உண்மை. அவள் கேட்டுக்கொண்டே வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கினாள். “ஊருக்கு நல்லதுதான் செஞ்சிருக்கிய” என்றாள்.

அவளிடம் சொல்லாத காரணத்தை இங்கே எழுதுகிறேன். எதிர்த்து வாக்களித்தால் அது அவன்தான் என்று நான் ஒப்புக்கொண்டதாகும். ஒப்புக்கொண்டால், அவன் பதினாறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்க, பதில் பேசாதவன் நான் என்றாகிவிடும். பதிலுக்கு எதையும் அனுப்பாதீர்கள் என்று ஜெபக்கனி சொன்னதை இறுகப் பிடித்துக்கொண்டேன். யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேனோ என்னவோ.

நவம்பர் 30, ஞாயிறு

88 எள். எட்டு முப்பத்திரண்டு. இருவரும் மாடியில் நின்று பார்த்தோம்.

டிசம்பர் 1, திங்கள்

வரவு இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

வரவு இல்லை. கோத்தகிரியில் 12.4. மழை பெய்திருக்கிறது. அவன் அளந்திருப்பான், அனுப்பியுமிருப்பான். நாங்கள் முந்நூறு பேர் சேர்ந்து, இது சிறியது என்று திருப்பியிருப்போம். முந்நூறு இல்லை, 118.

கோத்தகிரிக்கு ஒரு பஸ் பிடித்துப் போய்விடலாமா என்று ஆவுடையிடம் கேட்டேன். போய்? எந்தத் தோட்டம், எந்த வீடு? மழைமானி வைத்திருக்கிற ஆளைத் தெரியுமா என்று தெருவில் விசாரிப்பதா? வேறொன்றும் இருக்கிறது. போய் நின்று நான் என்ன சொல்வேன்?

டிசம்பர் 3, புதன்

வரவு இல்லை. ஜெபக்கனி மகிழ்ச்சியாகப் பேசினாள். தூசி நின்றுவிட்டதாம், இருபது பெட்டிகள் திரும்ப ஓடுகின்றனவாம். நல்லது என்றேன். நல்லதுதானே? அவள் பேசி முடித்த பிறகும் போனை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

எட்டு முப்பத்து மூன்றுக்கு வந்தது. அதே முகவரி. 10,000 எள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயிரம் மில்லிமீட்டர் மழை உலகத்தில் எங்கும் ஒரே இரவில் இப்படிச் சத்தமில்லாமல் பெய்யாது. விதி வேலை செய்கிறதா என்று எவனோ சோதிக்கிறான் என்று நினைத்தேன். அல்லது தூசி வீசுகிறவன் புது விதிக்கு ஏற்பப் பெரிதாக வீசுகிறான். அப்படியானால் முதலிலிருந்தே இது வெறும் தூசிதான். என் தாள், என் கணக்கு, கோத்தகிரி எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆவுடை விளக்குமாற்றோடு வந்து திரையைப் பார்த்தாள்.

“மழ இல்லைங்கான்” என்றாள்.

எப்படி என்றேன்.

“பத்தாயிரத்துக்குக் கீழ அனுப்ப முடியாதுன்னியள்லா? அப்போ பத்தாயிரந்தான் இப்பம் சைபரு. அதுக்கு மேல போட்டா மழ. இது கூடவா தெரியல, எம்மெஸ்ஸி படிச்சவுகளுக்கு?”

கோத்தகிரிப் பட்டியல் மாலையில்தான் வந்தது. 0.0.

பதினாறு மாதத்தில் அவனால் ஒருநாளும் அனுப்ப முடியாமல் இருந்தது இந்தச் சுழியம். சின்னதை மறுத்த விதியால் இன்று அது வந்திருக்கிறது. இது நான் நினைத்துச் செய்ததல்ல, எனக்கு இதில் பெருமையும் கிடையாது. இனி மழை இல்லாத நாளில் கட்டம் வெறுமையாக இருக்காது என்று மட்டும் புரிகிறது. இல்லை, அதுவும் சரியாகப் புரிந்ததா என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும்.

டிசம்பர் 5, வெள்ளி

10,063. மாலைப் பட்டியலில் கோத்தகிரி 5.8.

ஆவுடை மத்தியானம் இரண்டு பங்கு சாப்பிட்டாள். ரேஷனில் பருப்பு இல்லை.

டிசம்பர் 6, சனி

அவனுடையது எட்டரைக்கே வந்துவிட்டது: 10,118. அங்கே நல்ல மழை.

பெட்டி ஓடுவதற்குக் கூலியாகச் சேர்ந்த குன்றி கொஞ்சம் எங்கள் முகவரியில் இருக்கிறது. ஜெபக்கனியிடம் கேட்கவில்லை. அனுப்பும் பக்கத்தைத் திறந்து, அந்த நீண்ட முகவரியை மூன்று தடவை சரிபார்த்தேன். அளவு என்ற கட்டத்தில் கை நின்றது. நேற்று எட்டரையிலிருந்து பாளையங்கோட்டையில் ஒரு துளி இல்லை. ஆனாலும் இரண்டு வருடம் கழித்து ஒரு தகப்பன் சொல்லும் முதல் வார்த்தை சுழியமாகவா இருக்க வேண்டும்? கூட்டிப் போடலாமா என்று ஆவுடையிடம் கேட்டேன்.

“உள்ளத அனுப்புங்க” என்றாள்.

10,000. எட்டு ஐம்பதுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை அழுத்திவிட்டேனோ என்று பயந்தேன். ஒரு தடவைதான் போயிருந்தது.

ஒன்பது நான்குக்கு அங்கிருந்து ஒன்று வந்தது. 10,000.

இன்றைய அளவை அவன் ஏற்கெனவே அனுப்பிவிட்டான். ஒரே நாளில் யாரும் இரண்டு முறை அளப்பதில்லை. அதுவும் மழை பெய்த நாளில் சுழியம் எப்படி வரும்? கணக்கில் குழம்பிப்போய்த் தாளை எடுக்கப் போனேன். அதற்குள் கீழேயிருந்து ஆவுடை, என்ன சொல்லுதான் என்று கேட்டாள்.

மழை இல்லை என்கிறான் என்றேன்.

“அங்கதான் கொட்டுதே.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நிலையத்தில் தொலைபேசியில் அளவு சொன்னால், எதிர்முனை அதே எண்ணைத் திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொன்னால்தான் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவன் அதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பான்.

“அங்க இல்ல. இங்க மழை இல்லைங்கறது கிடைச்சிட்டாம்” என்று படியில் நின்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.